கன்னு கத்துற நேரம்

முதல்லயே சொல்லிடறேன், எனக்குச் சிங்கம்னா ஆகாது. ஜீப்புல வர்ற வெளிநாட்டுக்காரங்க அதைப் பார்த்து அழகு அழகுன்னு உருகுறாங்க. அழகாம் அழகு! ஆத்துக்கு அந்தப் பக்கம் சரணாலயத்துல படுத்துக் கிடந்தா அழகுதான். இந்தப் பக்கம் வந்து என் மாட்டைத் தின்னா திருட்டுப் பய. அதனால நான் எங்க ஊர்ப் பொண்ணு நமெட்சோவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொன்னா, இவளும் சிங்கத்துக்குச் சொந்தக்காரி ஆயிட்டாளோன்னு யாரும் நினைக்க வேண்டாம்.

என் மூத்த பையன் பேரு பாக்கோ. அதனால ஊருக்கெல்லாம் நான் மா பாக்கோ. புருஷன் செத்து வருஷம் பல ஆச்சு. போடெட்டி ஆத்தோரம் அவர் விட்டுட்டுப் போன மாட்டுப்பட்டியை நான்தான் பார்த்துக்கறேன். பாக்கோ தலைநகரத்துல இருந்துக்கிட்டு, "அம்மா, மாடெல்லாம் நல்லாருக்கா?"ன்னு போன்ல கேப்பான். இந்தக் காலத்துல பாதிப் பேரு மாடு வளர்க்கறது அப்படித்தான்.

நமெட்சோவோட அப்பா போர்வெல் எஞ்சின் ரிப்பேர் பார்க்கறவர். சின்னப் பிள்ளையில அவர் கூடவே பட்டி பட்டியா சுத்துவா. கையெல்லாம் கிரீஸ். ஒரு தடவை எங்க எஞ்சினைப் பிரிச்சுப் போட்டு அவர் உள்ள எட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தப்ப, இவ பக்கத்துல உக்காந்துக்கிட்டு, "ஏம்ப்பா நின்னுச்சு? ஏம்ப்பா நின்னுச்சு?"ன்னு அரிச்செடுத்துட்டா. அந்த மனுஷன் கடைசியில, "அதைத்தாண்டி பார்த்துக்கிட்டு இருக்கேன், கொஞ்சம் வாயை மூடு"ன்னாரு. அந்த "ஏன்" அவளை விடவே இல்ல. படிச்சா, பல்கலைக்கழகத்துக்குப் போனா, திரும்பி வந்தப்ப வனவிலங்குத் துறையில அதிகாரி. ஒட்ட வெட்டின முடி, பேன்ட்டு, பூட்ஸு, அரசாங்க ஜீப்பு.

ஊர் சும்மா இருக்குமா? அவ அத்தைங்களே ஆரம்பிச்சாங்க. "பொண்ணுக்குப் பரிசமா மாடு வரும்னு பார்த்தா, மாடு திங்கறதுக்குப் பின்னாலயே போயிட்டாளே!"ன்னு. கடைத்தெருவுல அவளுக்குச் சிங்கத்தோட பொண்டாட்டின்னு பேரு வச்சாங்க. மயக்க ஊசி போட்டுச் சிங்கத்தைப் படுக்க வச்சு, கழுத்துல ரேடியோ பட்டை கட்டி, அது எங்க போகுது எங்க வருதுன்னு ஏரியலைத் தூக்கிக்கிட்டு அலையறதுதான் அவ வேலை. யாரோட மாடு செத்தாலும் வந்து நிப்பா. செத்த மாட்டைச் சுத்திச் சுத்தி வருவா. அப்புறம் கேள்வி. எப்பக் கடைசியா பார்த்தீங்க? கன்னு எங்க இருந்துச்சு? மேய்ப்பன் எங்க போயிருந்தாரு?

எனக்கு மூக்கு மேல கோபம் வரும். "செத்தது என் மாடு. கேள்வி என்கிட்டயா? போய் உன் புருஷனைக் கேளு!"ம்பேன். அவ சிரிக்கவும் மாட்டா, முறைக்கவும் மாட்டா. "கன்னு எங்க இருந்துச்சு மா?"ன்னு மறுபடியும் அதையே கேப்பா.

கன்னு எங்க இருக்கும்? பட்டிக்குள்ளதான் இருக்கும். எங்க வழக்கமே அதுதானே. கன்னைப் பட்டியில அடைச்சுட்டுத் தாய் மாட்டை அவுத்து விட்டுடுவோம். அது எவ்வளவு தூரம் மேய்ஞ்சாலும் மடி கனத்தா கன்னைத் தேடித் தானா வந்து சேரும். பின்னாலயே ஆள் போகணும்னு அவசியம் இல்ல. எங்க அப்பா அப்படித்தான் வச்சிருந்தாரு, என் மாமனாரும் அப்படித்தான். எனக்கு தபானின்னு ஒரு மேய்ப்பன் உண்டு, எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளு, நல்ல மனுஷன். வெள்ளிக்கிழமை ஆனா சோளக் கள்ளு குடிக்க ஊருக்குப் போயிடுவான். போகட்டுமே, மாடுதான் தானா வருமேன்னு நானும் விட்டுடுவேன்.

போன மழையில என் நெத்திச்சுட்டி செத்துப்போச்சு. என் புருஷன் தன் கையால இழுத்துப் பிறக்க வச்ச மாடு அது. என் குரல் கேட்டா எங்க நின்னாலும் தலையைத் தூக்கிப் பார்க்கும். பட்டிக்கு வர்ற பாதையிலயே, கூப்பிடு தூரத்துல, வயிறு கிழிஞ்சு கிடந்துச்சு. பட்டிக்குள்ள அதோட கன்னு கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போய் நின்னுச்சு. நான் மண்ணுல உக்காந்து வாய்விட்டு அழுதேன். அன்னைக்கு மட்டும் ஒரு துப்பாக்கி கையில இருந்திருந்தா, உலகத்துல ஒரு சிங்கத்தை விட்டு வச்சிருக்க மாட்டேன்.

அதுக்கு அப்புறம்தான் செலோக்கா வந்தாரு. அவர் மாவட்டத்துக்கே துறைத் தலைவர், நமெட்சோவோட மேலதிகாரி. எங்க வீட்டு வாசலுக்குச் சர்க்கரையும் தேயிலையும் எடுத்துக்கிட்டு வந்தாரு. அரசாங்க ஆளு கை நிறைய எதையாவது கொண்டுவந்தா என்ன அர்த்தம்னு எனக்கா தெரியாது?

"மா பாக்கோ, அமைச்சர் நம்ம ஊர் கோட்லாவுல கூட்டம் போட வர்றாரு. ஆத்துக்கு இந்தப் பக்கம் வர்ற சிங்கம் அத்தனையும் சுடலாம்னு ஒரு திட்டம். மக்கள் கேட்டாத்தான் நடக்கும். நீங்க எழுந்து உங்க நெத்திச்சுட்டியைப் பத்திச் சொல்லணும். மனசுல இருக்கறதை அப்படியே சொல்லுங்க. கண்ணுல தண்ணி வந்தா வரட்டும், அடக்காதீங்க."

"அடக்கினா மட்டும் வராதா ஐயா? தாராளமா வரும்"னேன். எனக்குச் சந்தோஷம். பின்ன, இத்தனை வருஷத்துல என் பேச்சைக் கேக்க எந்த அமைச்சர் வந்தான்?

நமெட்சோ ஜீப்பு பக்கத்துலயே நின்னா. வாசலுக்கு வரல. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "என்னடி, உன் புருஷனுங்க எல்லாம் சௌக்கியமா?"ன்னு கத்தினேன்.

"ரெண்டு பேரு செத்துட்டாங்க மா. யாரோ கறியில விஷம் வச்சுட்டாங்க. கூடவே கழுகும் ஒரு கூட்டம் செத்துப்போச்சு"ன்னா.

"ஐயோ பாவம், விதவை ஆயிட்டியா?"

செலோக்கா விழுந்து விழுந்து சிரிச்சாரு. அவ என்னையே பார்த்தா. ஏதோ சொல்ல வந்து, செலோக்காவை ஒரு பார்வை பார்த்துட்டு வண்டியில ஏறிட்டா. என்னவோ முழுங்கறாளேன்னு எனக்கு அப்பவே பட்டுச்சு.

கோட்லாவுல அன்னைக்குக் கால் வைக்க இடம் இல்ல. மரக்கட்டை நட்ட அரைவட்டத்துக்குள்ள ஆம்பளைங்க குட்டை நாற்காலியோட, நாங்க பாயில. பெரிய கறுப்புக் கார்ல அமைச்சர் வந்து இறங்கினாரு. பொம்பளைங்க குலவை போட்டோம். ஊர்த்தலைவர் வரவேத்தாரு. முதல் வரிசையில என்னை உக்கார வச்சிருந்தாரு செலோக்கா. நானும் கல்யாணம் ஆனப்ப எனக்குப் போர்த்தின கட்டம்போட்ட நல்ல சால்வையை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிருந்தேன். கோட்லாவுக்குள்ள பொம்பளை பாவாடை கட்டி, தலையில துணி கட்டித்தான் நுழையணும். பேன்ட்டு போட்டவளுக்கு அங்க நாக்கு கிடையாது. நமெட்சோ துறை உடுப்புல இருந்ததால கட்டைக்கு வெளிய, ஜீப்போட சேர்ந்து நின்னா.

செலோக்கா எழுந்தாரு. நல்லாத்தான் பேசினாரு. "எங்க துறை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணியிருக்கு அமைச்சர் ஐயா. சிங்கம் பெருகிப்போச்சு. இந்தப் பக்கம் வர்றது எல்லாமே மாட்டு ருசி கண்டது. சுடறதைத் தவிர வேற வழி இல்லன்னு ஆராய்ச்சியே சொல்லுது."

"அப்படிச் சொல்லல!"

கட்டைக்கு வெளிய இருந்து வந்துச்சு அந்தக் குரல். எல்லாத் தலையும் திரும்புச்சு. நமெட்சோ பூட்ஸு காலோட நேரா நடுவுல வந்து நின்னா. "அந்த ஆராய்ச்சியைப் பண்ணினது நான். அது அப்படிச் சொல்லல."

"பேன்ட்டு!"ன்னு கத்தினாரு ராடிபே கிழவர். "கோட்லாவுல பேன்ட்டு! வெளிய போடி!" இன்னும் பத்துப் பேரு சேர்ந்துக்கிட்டாங்க. ஊர்த்தலைவர் கையைத் தூக்கினாரு. "பொண்ணே, உனக்கு வழக்கம் தெரியாதா? வெளிய போய் நில்லு."

அவ நகரல.

அப்ப செலோக்கா லேசா சிரிச்சாரு. அந்தச் சிரிப்புதான் எனக்குச் சுருக்குன்னு தைச்சுது. என் புருஷன் செத்தப்ப, இந்த மாடெல்லாம் பொம்பளைக்கு எதுக்குன்னு என் கொழுந்தனுங்க இதே கோட்லாவுல சிரிச்சாங்களே, அதே சிரிப்பு. நான் எழுந்தேன். சால்வையை உருவினேன். அவ இடுப்பைச் சுத்தி ஒரு சுத்து சுத்தி, சால்வை ஊசியைக் குத்தினேன். பின்னாலருந்து யாரோ ஒருத்தி தலைத்துணியைத் தூக்கிப் போட்டா, அதையும் அவ தலையில இறுக்கிக் கட்டினேன்.

"தலைவரே, இப்ப யாருக்காவது பேன்ட்டு தெரியுதா?"

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. ஊர்த்தலைவர் அமைச்சரைப் பார்த்தாரு, அமைச்சர் தன் ஷூவைப் பார்த்தாரு. "சரி, பேசட்டும்"னு சொல்லிட்டாரு தலைவர்.

நான் அவ காதுல சொன்னேன்: "பேசு. பேசி முடி. அப்புறம் நான் பேசி உன் தோலை உரிக்கறேன்."

நான் போய் உக்காந்தேன், அவ பேசினா. பெரிய வார்த்தை ஒண்ணும் இல்ல, அவங்க அப்பா எஞ்சினைப் பத்திப் பேசற மாதிரிதான். மழை வந்தா வரிக்குதிரை உப்பளத்துப் பக்கம் போயிடுது, சிங்கம் அதோட போகாம ஆத்தோரமே தங்கிடுது. அதுக்கு இரை வேணும். செத்த மாட்டுல பத்துக்கு எட்டு பட்டிக்குள்ள சாகல. மேய்ச்சல் காட்டுலயும் சாகல. இருட்டினப்புறம் பட்டிக்குத் திரும்பற பாதையில செத்துச்சு. எல்லாமே கன்னு போட்ட மாடு.

"கன்னு பட்டியில கத்துது. அந்தச் சத்தம் தாய்க்கு மட்டுமா கேக்குது? கழுத்துல பட்டை கட்டின சிங்கம் எல்லாம் சூரியன் சாயறப்ப எங்க வந்து படுக்குதுன்னு நான் பார்த்தேன். நம்ம பாதை ஓரத்துலதான். அதுங்க நம்மளைத் தேடி அலையல. நாமதான் கன்னைக் கத்த விட்டு, தாயை ஒத்தையில இருட்டுல நடக்க விட்டு, சிங்கத்துக்கு வேளை தவறாம சோறு அனுப்பிக்கிட்டு இருக்கோம்."

ராடிபே கிழவர், "என்னடி பேச்சு இது!"ன்னாரு.

"கேளுங்க ஐயா. முன்னால ரெண்டு ஆண்சிங்கத்தைச் சுட்டோம். ஆர்டர் வந்துச்சு, நானேதான் சுட்டேன். மாடு சாகறது குறைஞ்சுதா? அந்த இடத்துக்கு நாலு விடலைங்க வந்து சேர்ந்துச்சு. ஒண்ணுக்கும் ஒழுங்கா வேட்டை தெரியாது. மாடுதான் சுலபம். அந்த வருஷம் கூடத்தான் செத்துச்சு. வேலி தாண்டிப் பட்டிக்குள்ள வர்ற சிங்கம் ஒண்ணு ரெண்டு இருக்கும். அதைக் காட்டுங்க, இப்பவும் நானே சுடறேன். ஆனா எல்லாத்தையும் சுட்டா மாடு பொழைக்கும்னு சொன்னா அது பொய். வெளிச்சம் இருக்கறப்பவே ஆள் போய் மாட்டை ஓட்டிக்கிட்டு வந்தா பொழைக்கும். அப்படி ஓட்டிக்கிட்டு வர்ற பட்டிங்கள்ல சாகல. இதைத்தான் நான் எழுதினேன்." கொஞ்சம் நிறுத்தினா. "மா பாக்கோவோட நெத்திச்சுட்டியும் அப்படித்தான் போச்சு. பாதையில. கன்னு உள்ள. மேய்ப்பன் ஊருல."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க! என் சால்வையைக் கட்டிக்கிட்டே, அமைச்சர் முன்னாடி, ஊர் முன்னாடி, என் மானத்தை வாங்கிட்டா! ஓங்கி ஒரு அறை விடலாமான்னு கை துடிச்சுது.

செலோக்கா பூனை மாதிரி என் பக்கம் வந்தாரு. "மா பாக்கோ, உங்க மாடு செத்ததுக்கு நீங்கதான் காரணமாம், இந்தப் பொண்ணு சொல்லுது. அமைச்சர்கிட்ட நீங்களே சொல்லுங்க, என்ன நடந்துச்சுன்னு."

எழுந்து நின்னேன். கோட்லாவே என் வாயைப் பார்த்துச்சு. ஒரு வார்த்தை போதும். இவ பொய் சொல்றான்னு ஒரு வார்த்தை. சிங்கம் அத்தனையும் செத்துடும், இவ வேலையும் போயிடும், என் மானமும் திரும்பி வந்துடும். வாயைத் திறந்தா, தொண்டை கட்டிப்போய் நின்ன அந்தக் கன்னுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

"நெசம்தான்"னேன். "பாதையிலதான் கிடந்துச்சு. தபானி ஊருக்குப் போயிருந்தான். இவ சொன்னது அத்தனையும் நெசம்."

செலோக்கா முகம் சுண்டிப்போச்சு. நான் விடல. "உங்களை ஒண்ணு கேக்கறேன் செலோக்கா ஐயா. இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அது... அறிக்கை மேலிடத்துல பரிசீலனையில..."

"எப்பத் தெரியும்?"

நமெட்சோதான் சொன்னா. "போன மழைக்கு முன்னாடியே கொடுத்துட்டேன் மா."

"போன மழையிலதானே என் மாடு செத்துச்சு! என் மாடு எப்படிச் சாகும்னு முன்கூட்டியே எழுதி வச்சுட்டு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, அது செத்தப்புறம் சர்க்கரையும் தேயிலையும் எடுத்துக்கிட்டு வந்து என்னை அழச் சொல்றீங்களா? சிங்கம் தின்னுச்சு, சரி, அதுக்குப் பசி. உங்களுக்கு என்னய்யா?"

ஆம்பளைங்க பக்கம் ஒரே முணுமுணுப்பு. நான் நமெட்சோ பக்கம் திரும்பினேன். "நீ மட்டும் என்ன யோக்கியம்? நீயும் வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்த?"

"ஆமா மா"ன்னா, தலையைக் குனியாம. "மேலிடம் ஒத்துக்கற வரைக்கும் வெளிய பேசக் கூடாதுன்னு உத்தரவு. உங்ககிட்ட கேள்வி கேட்டு, பதிலை வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டேன். திருப்பிக் கொடுக்கல. இன்னைக்கு உத்தரவை மீறிட்டேன். இனிமே எப்பவும் மீறுவேன்."

அமைச்சர், எல்லாத்தையும் கவனத்துல எடுத்துக்கறதா சொல்லிட்டு எழுந்துட்டாரு. ஏன் எழுந்தாருன்னு எங்களுக்குப் புரியாதா? இந்த ஆத்தோரத்துப் பெரிய பட்டியெல்லாம் யாரோடது? தலைநகரத்துல ஏ.சி. அறையில உக்காந்திருக்கறவங்களோடது. நல்ல மேய்ப்பனை வை, ஒழுங்கா சம்பளம் கொடு, சாயங்காலம் மாட்டை ஓட்டிக்கிட்டு வான்னு அவங்ககிட்ட எந்த அமைச்சர் போய்ச் சொல்லுவான்? சிங்கத்தைச் சுடறது சுலபம். சிங்கத்துக்கு ஓட்டு கிடையாது. கடைசியில வழக்கப்படி எல்லாரும் "பூலா! பூலா!"ன்னு மழையைக் கூப்பிட்டுக் கத்தினோம், ஆனா பாதி வாயிலருந்து சத்தமே வரல.

மறுநாளே நான் தபானியை உக்கார வச்சு, "இனிமே சூரியன் மரத்து உச்சிக்கு இறங்கறப்ப மாடு பட்டிக்கு வெளிய இருந்தா உன் தோலு உரியும், உள்ள இருந்தா உனக்கு என் கையால கறி"ன்னேன். அவனும் நானும் சேர்ந்து ஓட்டினோம். கால் வலி உயிரை வாங்குச்சு. ஆனா அதுக்கப்புறம் ஒரு மாடு போகல. அக்கம்பக்கத்துப் பட்டிக்காரங்க முதல்ல சிரிச்சாங்க, அப்புறம் அவங்களும் ஓட்ட ஆரம்பிச்சாங்க. சாயங்காலமானா நமெட்சோ வந்து பார்ப்பா. எனக்கும் அவளுக்கும் அன்பு ஒண்ணும் பொங்கி வழியல. "வந்துட்டா பாரு"ம்பேன். "எல்லாம் உள்ள வந்துச்சா மா?"ம்பா. ஒரு கிண்ணம் புளிச்ச பாலைக் குடிச்சுட்டுப் போயிடுவா.

அறுவடை முடிஞ்ச சமயத்துல ரேடியோவுல சொன்னாங்க. போடெட்டி மக்கள் கேட்டுக்கிட்டதாலயும், ஆராய்ச்சியோட முடிவுப்படியும், சிங்கம் சுடறதுக்கு அனுமதி கொடுத்தாச்சாம். நான் கையில இருந்த அகப்பையை ரேடியோ மேல வீசினேன். எந்த மக்கள்? எந்த ஆராய்ச்சி?

அதுக்கு அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் துறை வண்டி என் பட்டிக்கு வந்துச்சு. செலோக்கா, துப்பாக்கியோட ரெண்டு பேரு, பின் சீட்டுல ஏரியலை மடியில வச்சுக்கிட்டு நமெட்சோ. பட்டை கட்டின சிங்கம் எங்க இருக்குன்னு காட்ட அவளைக் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க. வரலன்னா வேலை இல்லன்னு சொல்லியிருக்காங்க. அவங்க அப்பா பக்கவாதத்துல படுத்துட்டாரு. அந்த வீட்டுல அவ சம்பளம் ஒண்ணுதான் அடுப்பெரிக்குது.

மாடெல்லாம் இன்னும் வரல. தபானி ஓட்டிக்கிட்டு வர்ற நேரம். கன்னுங்க பட்டிக்குள்ள கத்த ஆரம்பிச்சிருந்துச்சு.

"மா பாக்கோ, இன்னைக்கு ஒரு நாள் மாடு வெளியவே நிக்கட்டும்"னாரு செலோக்கா. "உங்க ஆளை வழியிலயே பார்த்து நிறுத்தச் சொல்லிட்டோம். கன்னு உள்ள கத்தட்டும். இருட்டினதும் மாட்டை ஒவ்வொண்ணா பாதையில விடுவோம். சிங்கம் வரும். எங்க பசங்க தயாரா இருப்பாங்க."

"கன்னு கத்தினா பாதைக்குச் சிங்கம் வரும்னு உங்களுக்கு யாரு ஐயா சொன்னது?"

பின் சீட்டுலருந்து நமெட்சோ சொன்னா: "என் அறிக்கையைப் படிச்சிருக்காரு மா."

பாருங்க இந்த அக்கிரமத்தை! மாட்டைக் காப்பாத்தறதுக்கு அந்த ஆராய்ச்சி பொய். சுடறதுக்கு மட்டும் அதுவே வேதவாக்கு. என் மாட்டையே தூண்டில்ல குத்தற புழுவா ஆக்கிட்டு, மக்கள் கேட்டாங்கன்னு வேற சொல்லுவாங்க.

தூரத்துல மாடுங்க அம்மான்னு கத்துது. உள்ள கன்னுங்க முள்வேலியை முட்டுது. சூரியன் மரத்துக்குக் கீழ இறங்கிடுச்சு. நமெட்சோ ஏரியலை சீட்டுலயே வச்சுட்டுக் கீழ இறங்கினா. நேரா பட்டி வாசலுக்கு நடந்தா. வாசலை அடைச்சிருந்த குறுக்குக் கம்பு மேல கையை வச்சுட்டு என்னைப் பார்த்தா.

"உங்க பட்டி மா. திறக்கட்டுமா?"

"நமெட்சோ!" செலோக்கா குரல் ஏறிடுச்சு. "அந்தக் கம்பை எடுத்த, வேலை அதோட போச்சு. உங்க அப்பாவை நினைச்சுப் பாரு."

"நினைச்சுட்டுத்தான் ஐயா இறங்கினேன்"னா அவ. கண்ணு கலங்கியிருந்துச்சு. கை கம்பை விடல.

"திறடி!"ன்னேன் நான்.

அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கம்பை ஒவ்வொண்ணா உருவிப் போட்டோம். கன்னுங்க வாலைத் தூக்கிக்கிட்டுப் பாய்ஞ்சுது. நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு தகரத்தைத் தட்டிக்கிட்டுக் கூடவே ஓடினோம். பயம் இல்லாமயா? ஒரு புதர் அசைஞ்சாலும் எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு. ஒரு கன்னு போனாலும் ஈடு கொடுக்க ஆளு இல்ல. ஆனா பாதையில பாதி தூரத்துலயே தாயும் கன்னும் முட்டிக்கிச்சு. தபானி மாட்டைப் பிடிச்சு நிறுத்தவே இல்லயாம். "துப்பாக்கிக்காரன் சொன்னான், எனக்கு அவன் பாஷை புரியல மா"ன்னு பல்லைக் காட்டறான், திருட்டுப் பய.

கன்னுங்க மடியில வாயை வச்சதும் கத்தறது நின்னுபோச்சு. அப்படியே மொத்தத்தையும் பட்டிக்கு ஓட்டிக்கிட்டு வந்து அடைச்சோம். கடைசிக் கம்பை நமெட்சோதான் சொருகினா. துப்பாக்கிக்காரங்கள்ல வயசானவர் தோட்டாவைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு, "இனி இங்க எது ஐயா வரப்போகுது? வீட்டுக்குப் போகலாம்"னாரு.

செலோக்கா அவ எதிர்ல வந்து நின்னாரு. "நீ யாரு பக்கம் நமெட்சோ?"

"நான் கண்டுபிடிச்சுச் சொன்னதைச் செஞ்சு பார்த்தவங்க பக்கம்"னா அவ.

அவர் வண்டியில ஏறிட்டாரு. அவளை ஏத்திக்கல. அன்னைக்கு அவ என் குடிசையிலதான் படுத்தா. அப்பாவோட மருந்தை நினைச்சுக் கொஞ்ச நேரம் அழுதா, நானும் அழவிட்டேன். ஒரு சொட்டுப் பால் மிஞ்சல, கன்னுங்க மொத்தத்தையும் குடிச்சுடுச்சு, அதனால கறுப்புத் தேநீர்தான் போட்டுக் கொடுத்தேன்.

இப்ப அவளுக்கு வேலை இல்ல, ஜீப்பு இல்ல. நடந்தே பட்டி பட்டியா போறா. எங்க சிங்கம் படுத்திருக்கு, எந்தப் பாதையில மாட்டைச் சீக்கிரம் ஓட்டணும்னு சொல்லிட்டு வர்றா. நாங்க பட்டிக்காரங்க ஆளுக்குக் கொஞ்சம் சோளமும் கறியும் அவங்க அப்பா வீட்டுக்கு அனுப்பறோம். தானம் இல்ல அது, அவ வேலைக்குக் கூலி. துப்பாக்கி வண்டி இன்னமும் சுத்துது. பெரிய மனுஷங்க பட்டியில ஒரு பெண்சிங்கத்தைச் சுட்டாங்க, கழுத்துப் பட்டையோட. அடுத்த நாள் காலையில நமெட்சோ எழுந்து அடுத்த பட்டிக்குப் போனா.

அவ மாட்டுக்கு எதிரியாம். செலோக்கா சொல்லிக்கிட்டுத் திரியறாரு. சொல்லட்டும். அமைச்சரையும் கூட்டிக்கிட்டு, சாயங்காலம் சூரியன் மரத்து உச்சியில நிக்கறப்ப, நாங்க ஓட்டற பட்டி எதுக்கு வேணா வரட்டும். மாட்டை எண்ணட்டும். அப்புறம் அந்த அமைச்சரோட பட்டிக்கும் போய் எண்ணட்டும்.